ஹவில்தார் கொளஞ்சியின் இடது முழங்கால்

நான் சொல்லப் போவது ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். கற்பூரம் கொண்டுவாருங்கள், உள்ளங்கையில் ஏற்றி அணைக்கிறேன். பத்தாது என்றால் எறையூர் சர்க்கரை ஆலையின் புகைபோக்கியைக் கட்டிப்பிடித்துச் சொல்கிறேன், அரவை நாளாக இருந்தாலும் சரி. பொய் சொல்லிப் பிழைக்கிற வயதை நான் தாண்டி எத்தனையோ வருஷம் ஆயிற்று. போன மாசம் நான் சொன்ன முதலைக் கதையை நம்பாதவர்கள்கூட இதை நம்பலாம். அதில் பாதிதான் உண்மை. இது முழுசு.

எறையூரில் ஹவில்தார் கொளஞ்சி என்று ஒருவர். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அதில் பெரும் பகுதி கேட்டில் நின்று காவல் காத்தது. வருகிறவன் போகிறவனை எல்லாம் சந்தேகப்படுவதற்கு சர்க்கார் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ரிட்டயர் ஆனதும் சம்பளம் நின்றது. சந்தேகம் நிற்கவில்லை.

பால்காரர் கேட்டைத் திறந்தால் உள்ளேயிருந்து "தம்! கோன் ஆத்தா?" என்று ஒரு குரல் வரும். நில், யார் வருவது என்பதற்குப் பட்டாளத்து இந்தி. "ஆத்தா இல்லீங்க, பாலு" என்று அவர் தினமும் பதில் சொல்லிவிட்டு ஊற்றுவார். தெருநாய் ஒன்று இரண்டு நாள் தொடர்ந்து வாசலில் படுத்தால், அதை யார் அனுப்பியது என்று விசாரணை நடக்கும். குழம்பில் உப்பு குறைந்தால் அதற்குப் பின்னால் ஒரு சதி. கூடினால் இரண்டு சதி. குழம்பு வைத்தது அவர் மனைவி பாப்பாத்தி. இருபத்தெட்டு வருஷமாக எல்லாச் சதியிலும் முதல் குற்றவாளி அவள்தான்.

கொளஞ்சிக்கு இடது முழங்கால் போய்விட்டது. அது நிஜம். சிக்கிம் பக்கம் பனியில் ரோந்து போனபோது சறுக்கி விழுந்ததில் கால் திருகி உள்ளே ஜவ்வு கிழிந்தது. விழுந்தது எட்டடிப் பள்ளம் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறது. டீக்கடையில் அது வருஷத்துக்கு நூறடி வீதம் ஆழமாகிக்கொண்டு வந்தது. நான் கடைசியாகக் கேட்டபோது இரண்டாயிரம் அடி. கேட்டு எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பணியில் பட்ட அடிக்கு டிசேபிலிட்டி பென்ஷன் உண்டு. ஆனால் டாக்டர்கள் மூன்று பேர் போர்டாக உட்கார்ந்து, கால் இருபது சதவீதமாவது கெட்டுப்போயிருக்கிறது என்று எழுத வேண்டும். கொளஞ்சி ரிட்டயர் ஆகும்போது அப்படி ஒரு போர்டு உட்கார்ந்தது. கால் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். கொளஞ்சி வயிற்றை உள்ளே இழுத்தார், நெஞ்சை வெளியே தள்ளினார், குதிகாலோடு குதிகாலைத் தட்டினார்.

"ஃபிட் சார்!"

பட்டாளத்துக்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. சேர்ந்த நாளிலிருந்து அவர்களுக்கு ஒரே பாடம்தான். டாக்டர் முன்னால் நோய் சொன்னால் உடம்பின் தரத்தை இறக்கிவிடுவார்கள், தரம் இறங்கினால் பதவி உயர்வு போய்விடும். காய்ச்சல் நூற்றி மூன்று இருந்தாலும் ஃபிட். பல் விழுந்து கையில் இருந்தாலும் ஃபிட். அந்தப் பாடம் வாய்க்கு மனப்பாடம் ஆகிவிட்டது. டாக்டர்கள் பாவம், அவர் சொன்னதை நம்பிப் பத்து சதவீதம் என்று எழுதினார்கள். பென்ஷன் இல்லை. அப்பீல் போட்டார். வலி இல்லை என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்களே என்று பதில் வந்தது.

கொளஞ்சி அதை ஏற்கவில்லை. யாரோ தன்மேல் மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள் என்று தீர்மானித்தார். ஒரு நோட்டு வாங்கிச் சந்தேகப்படும் ஆட்களின் பட்டியல் எழுதினார். பதினேழு பேர். தபால்காரர் ஐந்தாவது, முடிவெட்டுகிறவர் ஆறாவது. பாப்பாத்தி அதை வாங்கிப் படித்துப் பார்த்தாள்.

"ஒரு ஆளு விட்டுப்போச்சுங்க."

"யாரு?"

"ஃபிட் சாரு."

பட்டியலில் முதல் பெயர் கலைமணி. மூன்று வீடு தள்ளி இருக்கிறவர். அவரும் பட்டாளம்தான், ஆனால் கிளார்க்கு. நாற்காலியில் உட்கார்ந்து எழுதி எழுதியே முதுகு போய், டிசேபிலிட்டி பென்ஷனை முதல் தரத்திலேயே வாங்கிக்கொண்டு வந்தவர். சுற்று வட்டாரத்தில் எந்த முன்னாள் படைவீரருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அவரிடம்தான் போவார்கள். பாப்பாத்தி அவரை அண்ணன் என்பாள், அவர் அவளைத் தங்கச்சி என்பார். கொளஞ்சியின் இரண்டாவது அப்பீலையும் அவள் கெஞ்சிக் கேட்டு அவர்தான் எழுதினார். கொளஞ்சி அதை மூன்று தரம் படித்தார், எந்த வரியில் குழி வெட்டியிருக்கிறான் என்று. கிடைக்கவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

அந்த அப்பீலுக்குப் பலன் இருந்தது. மறுபடியும் போர்டு வைத்துப் பார்க்கிறோம், சென்னைக்கு வாருங்கள் என்று கடிதம் வந்தது. எட்டு நாள் கழித்துப் புதன்கிழமை காலை ஒன்பது மணி. இதுவும் கைவிட்டால் அப்புறம் கோர்ட்டுதான், கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பை வாங்க முழங்கால் இருக்கும், ஆள் இருக்க மாட்டான் என்று கலைமணி சொன்னார்.

கொளஞ்சிக்குப் பணத்தைவிட மானம் பெரிது. அவர் காலை யாரும் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் அவரேதான். வீட்டை விட்டு இறங்கினால் பரேடு நடை, முதுகு வளையாது, கால் மடங்காது. கதவைச் சாத்தினால் கட்டிலில் விழுந்து முனகல். 'தெருவுல சிங்கம், வூட்டுல தைலம்' என்பாள் பாப்பாத்தி. நொண்டாத ஆளுக்கு எதற்கு பென்ஷன் என்று கரும்பு வெட்டுக்கு வந்தவர்கள் வரைக்கும் பேசினார்கள். அந்தக் கால் உண்மையிலேயே போய்விட்டது என்று சர்க்கார் முத்திரை குத்தி ஒரு காகிதம் வேண்டும் அவருக்கு. பாப்பாத்திக்கும் வேண்டும். இத்தனை வருஷமாக அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்தது அவள் கை.

கடிதம் வந்த அன்றைக்கே கொளஞ்சி சபதம் போட்டார். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்வேன், வலிக்கிறது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்வேன், சொல்லாவிட்டால் என் மீசை எனக்கில்லை என்றார். பாப்பாத்தி, மீசை அப்புறம் இருக்கட்டும், முதலில் ஒத்திகை பார்ப்போம் என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய மூக்குக்கண்ணாடியையே மாட்டிக்கொண்டு, சப்பாத்திக் கட்டையால் மேஜையைத் தட்டினாள்.

"கால் எப்பிடி இருக்கு?"

வயிறு உள்ளே போயிற்று. நெஞ்சு வெளியே வந்தது. செருப்போடு செருப்பு தட்டியது.

"ஃபிட் மேடம்!"

"எதிர்ல இருக்கறது நாந்தாங்க. பாப்பாத்தி."

"தெரியுது. வாய் கேக்க மாட்டேங்குது."

இரண்டாம் தரமும் ஃபிட். மூன்றாம் தரம் அவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"என்கூடவே சொல்லுங்க. வலிக்குது."

"வலி…"

"ம், சொல்லுங்க."

"வலிமையா இருக்கு மேடம்."

பாப்பாத்தி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஓட்டைக் குடத்தைப் பார்ப்பது போல அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பதில் சொல்லாமல் விட்டது அதுவே முதல் தடவை. 

அதற்கப்புறம் வீட்டில் நடந்தது எதுவும் சரியில்லை. இரண்டு நாள் தொடர்ந்து குழம்பில் உப்பு சரியாக இருந்தது. இவர் கத்தினால் அவள் திருப்பிக் கத்தவில்லை. போன் வந்தால் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கொளஞ்சி கொடியில் தொங்கிய ஈரப் போர்வைக்குப் பின்னால் பதுங்கி நின்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்பது காதில் விழுந்தது. மலைமேல் என்பது விழுந்தது. 'பேப்பர் எல்லாம் பையில வச்சு எடுத்துட்டு வரேண்ணே, அவுருக்குத் தெரிஞ்சா காரியமே கெட்டுப்போயிடும்' என்பது தெளிவாகவே விழுந்தது. நோட்டில் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டார். பதினாறு மணி நாற்பது நிமிடம், சந்தேகத்துக்குரிய பேச்சு. பட்டியலில் பதினெட்டாவதாகப் பாப்பாத்தி பெயரை எழுதினார். யோசித்தார். அடித்துவிட்டு முதலாவதாக எழுதினார். கலைமணி இரண்டாவதுக்கு இறங்கினார்.

அன்று சாயங்காலம், ஒன்றும் தெரியாதவர் போல மெல்ல ஆரம்பித்தார்.

"போன்ல யாரு புள்ள?"

"நம்ம பிரவீணாதான். கோயம்புத்தூர்ல மழையாம்."

"பெத்த மவள எப்பலேருந்து அண்ணேன்னு கூப்புடுற?"

"நீங்க எப்பலேருந்து ஈரப் போர்வைக்குப் பின்னாடி நிக்கிறீங்க? சட்டையப் பாருங்க, நனைஞ்சு போயிருக்கு."

குறுக்கு விசாரணை அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. அன்று சாயங்காலம் சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். கொளஞ்சி காகிதங்களைச் சரிபார்க்கலாம் என்று கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவர் அரைஞாண் கயிற்றிலேயே தொங்கியது. திறந்தார். ஃபைல் இல்லை. டிஸ்சார்ஜ் புக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, காயம் பட்ட அன்றைக்கு எழுதிய ரிப்போர்ட், எக்ஸ்ரே, ஒன்றுமே இல்லை.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பாப்பாத்தி வாசலில் நின்று, செட்டிகுளம் கோயிலுக்குப் போயிட்டு மத்தியானம் வந்துடறேங்க, சோறு ஆக்கி மூடி வச்சிருக்கேன் என்றாள். பச்சைச் சேலை. கையில் மஞ்சள் பை. பையின் வாயிலிருந்து எக்ஸ்ரே படத்தின் கறுப்பு மூலை எட்டிப் பார்த்தது.

கொளஞ்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊரில் டிசேபிலிட்டி பென்ஷன் வாங்குகிறவன் என்ற பெருமை கலைமணிக்கு மட்டும் இருக்க வேண்டும். இன்னொருவன் வாங்கினால் மவுசு போய்விடும். அதனால் மலை மேல் வைத்து காகிதத்தை வாங்கிக் கிழிக்கப் போகிறான். பொம்பளையைப் பேசி மயக்கிவிட்டான். அங்கேயே பையைப் பிடுங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பட்டாளத்து முறை அதுவல்ல. எதிரியைப் பாதி வழியில் பிடித்தால் சும்மா காத்து வாங்க வந்தேன் என்பான். சந்திக்கிற இடத்தில் வைத்துக் கையும் களவுமாக அமுக்க வேண்டும்.

பஸ்ஸில் அவள் முன்பக்கம் ஏறினாள். இவர் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு கடைசி நொடியில் பின்பக்கம் தொற்றினார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு இல்லை, அவள் சும்மா போனாள். உளவு பார்க்கிறவன் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. கண்டக்டர் துண்டைத் தூக்கிப் பார்த்து, "என்னா மிலிட்டரி, சளி புடிச்சிருக்கா?" என்று பஸ் முழுக்கக் கேட்க விசாரித்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பாத்தி மட்டும் திரும்பவில்லை.

பெரம்பலூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள். செட்டிகுளம் பஸ் ஒன்று வந்தது. அவள் ஏறவில்லை. அப்போது கொளஞ்சி ஒண்ணுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றபிறகு வந்த பஸ்ஸில்தான் ஏறினாள். உப்பைச் சந்தேகப்பட்ட மனுஷன் இதைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. எங்கே படவேண்டுமோ அங்கே மட்டும் பட மாட்டார், அதுதான் அவருடைய விசேஷம்.

செட்டிகுளத்து மலையில் முருகன் கையில் கரும்போடு நிற்கிறார். கரும்பு போட்டுப் பிழைக்கிற எங்களுக்கு அவர் ரொம்ப வேண்டியவர். ஆனால் இருநூத்துச் சொச்சம் படி ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டும். கிருத்திகை நாள், கூட்டம். பச்சைச் சேலை படியில் ஏறுவதைக் கொளஞ்சி பார்த்தார். இருபது படி இடைவெளி விட்டு, ஒரு குடும்பத்துக்குப் பின்னால் மறைந்து மறைந்து ஏறினார். நாற்பதாவது படியில் முழங்கால் லேசாகக் கடித்தது. நூறாவது படியில் பேச ஆரம்பித்தது. நூற்றைம்பதில் இந்தியில் திட்டியது. கொளஞ்சி பல்லைக் கடித்துக்கொண்டு உச்சிக்குப் போய், பச்சைச் சேலையின் பையை எட்டிப் பிடித்தார்.

திரும்பியது பாடாலூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி. அவள் என்ன சொன்னாள் என்பதைக் கோயில் வாசல் என்பதால் நான் சொல்லவில்லை.

ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். பாப்பாத்தி அடிவாரத்திலேயே நின்றிருந்தாள். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் பையோடு. அவளுக்கு எதிரில் கலைமணி.

கொளஞ்சி இறங்கினார். ஏறுவதற்காவது அந்த முழங்கால் ஒத்துக்கொள்ளும், இறங்குவதற்கு ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாது. பாதி வழியில் இருந்த மண்டபத்தில் உட்கார்ந்து, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, பத்து நிமிடம் காலை நீவினார். அப்புறம் எழுந்து நொண்டி நொண்டி அடிவாரம் போய்ச் சேர்ந்தார். கலைமணி தனியாக நின்று கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏய் கிளார்க்கு, என் பேப்பர் எங்க?"

"வாங்க மாப்ள, சாமி கும்புடவா? தங்கச்சி இப்பத்தான் பையத் தூக்கிட்டு மேல போச்சு. படில பாக்கலையா?"

"நீ இங்க என்ன பண்ற?"

"சாறு குடிக்கிறேன். நம்மூர்லதான் கரும்பு, ஆனா இங்கதான் இஞ்சி தட்டிப் போடுறான். உங்களுக்கு ஒரு கிளாஸு சொல்லட்டா?"

கொளஞ்சி துண்டை உதறித் தோளில் போட்டார். படியைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். மறுபடியும் ஏறினார். இந்தத் தடவை முழங்கால் திட்டவில்லை. அழுதது.

மேலே பிரகாரத்து நிழலில் பாப்பாத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃபைல். அதன் மேல் விபூதி, ஒரு முழம் பூ, ஒரு எலுமிச்சம்பழம். இவரைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

"என்னா புள்ள இது?"

"உங்க பேப்பர முருகன் காலடில வச்சு வாங்கிட்டேன். முன்னாடி ரெண்டு தடவையும் சாமிகிட்ட காட்டாமத்தான போச்சு."

"கிளார்க்குகிட்ட சொல்லுவ, எங்கிட்ட சொல்ல மாட்டியா?"

"உங்ககிட்ட சொன்னா பலிக்காதுன்னாங்க. நீங்க பின்னாடியே வருவீங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

 தனக்காக நேர்ந்துகொண்டு வெயிலில் வந்தவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கொளஞ்சிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெட்டிச் சாவி எப்படிக் கிடைத்தது என்று கேட்க வந்தவர் அதையும் விழுங்கிக்கொண்டார். பாப்பாத்தி அவர் நெற்றியில் விபூதி பூசினாள். சாமி விஷயத்தில் சந்தேகப்பட்டது தோஷம், பிரகாரத்தை மூணு சுத்து சுத்திட்டு வந்துடுங்க என்றாள். சுற்றினார். அப்புறம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இருநூத்துச் சொச்சம் படியும் இறங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"தைலத்த எடு புள்ள."

"தீந்துபோச்சுங்க."

"நேத்துத்தான வாங்குனேன்?"

"நேத்து வாங்குனதுதான் தீந்துபோச்சு."

ஐஸ் கட்டி வைக்கலாம் என்றார். பிரிட்ஜைக் காலையிலேயே அணைத்துக் கழுவி வைத்துவிட்டாளாம், ஊருக்குப் போகிற வீட்டில் கரண்டு எதற்கு என்று. வலி மாத்திரை கேட்டார். பையில்தான் இருக்கிறது, அடியில் இருக்கிறது, போகிற வழியில் எடுத்துத் தருகிறேன் என்றாள். சென்னை வந்துவிட்டது, மாத்திரை பையின் அடியிலேயே இருந்தது. காலை நீட்ட முடியாத சீட்டில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து போனதில் பனங்காய் பழுத்துவிட்டது.

போர்டில் மூன்று டாக்டர்கள். நடுவில் நாகர்கோவில் பக்கத்துக் கர்னல் அம்மாள். கொளஞ்சி உள்ளே நுழைந்தார். வயிறு உள்ளே போயிற்று. நெஞ்சு வெளியே வந்தது. குதிகால் மட்டும் தட்டவில்லை, இடது கால் வலது காலுக்குப் பக்கத்தில் வர மறுத்தது. கால் எப்படி இருக்கிறது என்று கர்னல் அம்மாள் கேட்டார்.

"ஃபிட் மேடம்!"

நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன், மறந்துவிடாதீர்கள். அப்படித்தான் சொன்னார்.

சரி, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடியுங்கள் என்றார் அந்த அம்மாள். பேன்ட்டு முழங்கால் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் போகவில்லை. ஆர்டர்லி வந்து இழுத்தும் போகவில்லை. கடைசியில் கழற்ற வேண்டியதாயிற்று. மூன்று டாக்டர்களும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். கர்னல் அம்மாள் ஒரே ஒரு விரலால் அழுத்தினார்.

"ஐயோ, பாப்பாத்தி!"

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் ஒரே விரலில் முறிந்தது. வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்த பாப்பாத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாளாம். பக்கத்தில் இருந்தவர்கள், புருஷன் மேல் எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

நேற்று என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். மலை ஏறினேன், இரண்டு தடவை என்றார் கொளஞ்சி. எதற்கு இரண்டு தடவை என்றதற்கு வேண்டுதல் என்றார். வேறு என்ன சொல்வார். போன போர்டுக்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். டாக்டர் முன்னால் மரியாதையாக நிற்க வேண்டுமே என்று ஒரு வாரம் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தேன் என்றார். கர்னல் அம்மாள் பழைய எக்ஸ்ரேயையும் பனியில் விழுந்த ரிப்போர்ட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புதிதாக ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"ஹவில்தார், படி ஏறினா இந்தக் கால் என்ன ஆகும்னுதான் எங்களுக்குத் தெரியணும். உங்க வாய் சொன்னத எழுதி எழுதித்தான் இவ்வளவு நாள் போச்சு. இன்னைக்குக் கால் சொல்றத எழுதறேன்."

நாலு மாசத்தில் தபால் வந்தது. முப்பது சதவீதம், ஆயுள் முழுக்க, பணியில் பட்ட காயமே காரணம், முத்திரை, கையெழுத்து. கொளஞ்சி அதை லேமினேட் செய்துகொண்டு டீக்கடைக்குப் போனார். அன்றிலிருந்து கதை மாறியது. மலை ஏறியது அவருடைய திட்டமாம். போர்டுக்கு முதல் நாள் முழங்காலை வீங்க வைத்துக்கொண்டு போனால்தான் டாக்டர் கண்ணுக்கு உண்மை தெரியும் என்று இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அவரே கண்டுபிடித்தாராம். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது, அதனால் பாப்பாத்தியிடம்கூட மூச்சு விடாமல் கமுக்கமாக நடத்தி முடித்தாராம். செட்டிகுளம் மலைக்கு இரண்டாயிரம் படி ஆகிவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கலைமணி டீ குடிக்க வருகிற வரைக்கும். அவர் காகிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்து, கையைக் குலுக்கினார்.

"முப்பதா? பரவாயில்ல மாப்ள. எனக்கு நாப்பது."

டீ ஆறிப்போனது. கொளஞ்சி காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பாப்பாத்தி முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் அவள் முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். பனியில் விழுந்தவனுக்கு முப்பது, நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு நாற்பதா என்றார். விடப்போவதில்லை, திரும்பவும் போர்டு வைக்கச் சொல்லி மனுப் போடப் போகிறேன் என்றார். போன தடவை நான் ஒரு தந்திரம் செய்தேன் பார், அதே மாதிரி இன்னொரு தந்திரம் என் மூளையில் உதிக்காமலா போகும் என்றார்.

பாப்பாத்தி கீரையிலிருந்து தலை நிமிரவில்லை.

"போடுங்க, யாரு வேணாங்கறா. ஆனா செட்டிகுளம் முப்பதுக்குத்தாங்க காணும். நாப்பது வேணும்னா உங்களப் பழனிக்குத்தான் இழுத்துட்டுப் போவணும்."

நடந்துகொண்டிருந்த கொளஞ்சி அப்படியே நின்றார்.  அப்புறம் மெல்ல உட்கார்ந்து, ஒரு பிடிக் கீரையை எடுத்து அவரும் ஆய ஆரம்பித்தார்.

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் கேட்டீர்களே என்று சொன்னேன், சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கொளஞ்சிக்குத் தெரிந்தால் பரவாயில்லை, அவர் என்னை நோட்டில்தான் எழுதுவார். பாப்பாத்தி காதில் விழுந்தால் எனக்கும் ஒரு மலை பார்த்துவிடுவாள்.